முதல் ரெண்டு நாள் தூங்குங்க பாஸ்!

போன வாரம் ஒரு இன்ஜினீயரிங் காலேஜ் கேன்டீனில் மூன்று பேர் என்னை மடக்கினார்கள். கையில் ஒரு ஏ-4 ஷீட். எக்செல்லில் கட்டம் போட்டு, கலர் அடித்து, பக்காவாக ஒரு பிளான். வெள்ளி ராத்திரி சென்னையில் ஃபிளைட். சனி காலை லே. சனி மதியம் சைக்கிளை மாட்டுவது, சாயங்காலம் ஊர் சுற்றுவது. ஞாயிறு விடிந்ததும் கர்துங் லா ஏற்றம், உச்சியில் போட்டோ. திங்கள் ரிட்டர்ன். செவ்வாய் காலை ஃபர்ஸ்ட் அவர் லேப்!

"எப்படி சார் இருக்கு?" என்று மூன்று பேரும் அரியர் ரிசல்ட் பார்க்கிற மாதிரி என் முகத்தையே பார்த்தார்கள்.

"ஞாயித்துக்கிழமை ஏறிடுவீங்கப்பா. கால்ல தெம்பு இருக்கு. தப்பு சனிக்கிழமைல இருக்கு" என்றேன். அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. சனிக்கிழமையில்தான் ஒன்றுமே செய்யவில்லையே, அதில் என்ன தப்பு வரும்?

அதனால் இந்த வாரம் சனிக்கிழமையைப் பற்றி மட்டும் பேசுவோம். சைக்கிள் மிதிப்பதைப் பற்றி இல்லை. மிதிப்பதற்கு முன்னால், ஒரு தூரத்து ஊரில் போய் இறங்குகிற அந்த முதல் நாளைப் பற்றி. இப்படி ஒரு ஷீட் உங்கள் ஹாஸ்டல் அலமாரியிலும் இருக்கலாம். எங்களிடமும் இருந்தது. 2011 ஜூன் மாசம். கலர் மட்டும் அடிக்கவில்லை, அவ்வளவுதான்.

நாங்களும் மூன்று பேர். அதில் ஒருத்தனுக்குப் பேர் வேண்டாம், ராக்கெட் என்று வைத்துக்கொள்வோம். காலேஜில் அஞ்சாயிரம் மீட்டர் ஓடுகிறவன். ஈ.சி.ஆரில் மகாபலிபுரம் போய்த் திரும்பி வந்து, குளித்துவிட்டு, மேட்ச் ஆட வருவான். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவையும் தரையில் கால் வைக்காமல் ஏறியவன். நானும் இன்னொருத்தனும் எட்டாவது வளைவில் பாறை மேல் உட்கார்ந்து வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ட்ரிப்பில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் அது நானாகத்தான் இருக்கும் என்று வீட்டிலேயே முடிவு கட்டியிருந்தார்கள்.

கொஞ்சம் கணக்குப் பார்க்கலாமா? பயப்படாதீர்கள், கால்குலேட்டர் வேண்டாம்.

தமிழ்நாட்டின் மிக உயரமான இடம் தொட்டபெட்டா. 2,637 மீட்டர். டெலஸ்கோப் ஹவுஸில் நின்று, 'அப்பா, என்ன உயரம்!' என்று போட்டோ எடுப்போமே, அதே இடம்தான். லே நகரம் சுமார் 3,500 மீட்டர். அதாவது தொட்டபெட்டாவின் தலை மேல் இன்னும் 850 மீட்டர் ஏறினால்தான் லே பஜாரில் காய்கறி விற்கிற பாட்டியின் கூடை வரும்! நம்ம ஊரில் எந்த மலையில் ஏறிப் பழகியிருந்தாலும் சரி, லே-வில் நீங்கள் படுத்துத் தூங்குகிற கட்டிலே அதைவிட உயரம்.

அங்கே ஆக்சிஜன் சதவீதம் குறைந்துவிடும் என்று நிறைய பேர் சொல்வார்கள். அப்படி இல்லை. எந்த உயரத்திலும் காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். அதனால் லே-வில் இழுக்கிற ஒவ்வொரு மூச்சிலும் சென்னையில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஆக்சிஜன்தான் உள்ளே போகும். கர்துங் லா உச்சியில் பாதி சொச்சம்.

உடம்பு முட்டாள் இல்லை. உடனே வேலையை ஆரம்பித்துவிடும். மூச்சு வேகமாகும். இதயம் வேகமாக அடிக்கும். சிறுநீரகம் ரத்தத்தின் ரசாயனச் சமநிலையைச் சரிசெய்யப் பார்க்கும். அதனால்தான் முதல் ரெண்டு நாள் அடிக்கடி பாத்ரூம் ஓட வேண்டியிருக்கிறது. புது சிவப்பணுக்கள் போதுமான அளவு சேர வாரக்கணக்கில் ஆகும். இந்த ஓவர்டைம் எல்லாம் நீங்கள் சும்மா படுத்திருக்கும்போதே நடக்கிறது. 'சனிக்கிழமை ஒண்ணும் செய்யலியே' என்று நீங்கள் நினைப்பீர்கள். உங்கள் உடம்பு அன்று மாடா உழைக்கும்.

இன்னொரு விஷயம். ஃபிட்னெஸுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. ஜிம் பாடி, சிக்ஸ் பேக், மாரத்தான் மெடல் எதையும் உயரம் மதிக்காது. சொல்லப்போனால் ஃபிட்டாக இருக்கிறவனுக்குத்தான் ஆபத்து ஜாஸ்தி. முதல் நாளே 'எனக்கு ஒண்ணுமில்ல' என்று கிளம்பிவிடுவான். எங்கள் ராக்கெட் மாதிரி.

லே ஃபிளைட் எல்லாம் பெரும்பாலும் காலையிலேயே வந்துவிடும். வெயில் ஏற ஏற அந்தப் பள்ளத்தாக்கில் காற்று கிளம்பிவிடும் என்பதுதான் காரணம். டெல்லி ஏர்போர்ட்டில் ராத்திரி முழுக்க பெஞ்சில் குந்தியிருந்து, தூக்கமே இல்லாமல், விடியற்காலை ஏறினோம். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ஜன்னலுக்கு வெளியே பனிமலை, பனிமலை, பனிமலை. திடீரென்று பச்சையே இல்லாத பழுப்பு மலைகளுக்கு நடுவில் இறங்கிவிட்டோம். கடல் மட்டத்தில் சாப்பிட்ட இட்லி வயிற்றில் முழுசாகக் கரைந்திருக்காது!

கதவு திறந்தது. குளிர், வெயில் ரெண்டும் ஒரே நேரத்தில் அடித்தது. என் ப்ரீபெய்ட் சிம் அங்கேயே உயிரை விட்டது. அட்டைப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்த மூன்று சைக்கிளும் பெல்ட்டில் வந்தன. மூலையில் கிழிந்திருந்தாலும் வந்துவிட்டன.

இங்கே சின்ன இடைச்செருகல். சைக்கிளை ஃபிளைட்டில் கொண்டுபோகிறவர்களுக்காக. பெடலைக் கழற்றும்போது இடது பெடலின் மறை தலைகீழ் என்பதை மறக்காதீர்கள். மற்றதெல்லாம் கழற்றுகிற பக்கம் அதைத் திருப்பினால் இன்னும் இறுகும். நாங்கள் அரை மணி நேரம் தொங்கிய பிறகு, 'உங்களுக்குத்தான் மறை கழண்டிருக்கு' என்று கடைக்காரர் சிரித்தார். டிஸ்க் பிரேக் என்றால், சக்கரத்தைக் கழற்றியதும் பிரேக் கட்டைகளுக்கு நடுவில் ஒரு மடித்த அட்டை வையுங்கள். இல்லாவிட்டால் வழியில் யாராவது பிரேக்கைப் பிடித்துவிட்டால் ரெண்டும் ஒட்டிக்கொள்ளும். பின் சக்கரத்துப் பக்கம் கியரைத் தாங்குகிற சின்னக் கொக்கி ரொம்ப சுலபமாக வளையும், அதைச் சுற்றித் துணியைக் கட்டுங்கள். பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் தீப்பிடிக்கிற சரக்கு, விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். லே-வில் வாங்கிக்கொள்ளலாம்.

சரி, கதைக்கு வருவோம். கெஸ்ட் ஹவுஸ் சாங்ஸ்பா பக்கம். பாப்ளர் மரங்கள், வாய்க்கால், மண் சுவர். வீட்டு அம்மாவை எல்லோரும் 'அமா-லே' என்றார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். ஜூலே என்று வணக்கம் சொல்லி, டீ கொடுத்து, இந்தியில் ஒரே ஒரு விஷயம் சொன்னார்: 'இன்றைக்குத் தூங்குங்கள். நாளைக்கும் தூங்குங்கள்.'

நாங்கள் தூங்கவில்லை. முற்றத்தில் அட்டைப்பெட்டியைப் பிரித்தோம். ஹேண்டில்பாரை மாட்டி, பெடலை மாட்டி, டயருக்குக் காற்று அடிக்க நான் பம்பைப் பிடித்தேன். இருபது அடி. முப்பது அடி. அவ்வளவுதான். கண்ணுக்கு முன்னால் மின்மினி பறந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். டயருக்குக் காத்து ஏத்தப் போய் என் காத்து இறங்கிப் போச்சு! ராக்கெட் விழுந்து விழுந்து சிரித்தான். மூன்று சைக்கிளுக்கும், ஆறு டயருக்கும் அவனே அடித்தான்.

அதோடு விட்டானா? சாயங்காலம் சாந்தி ஸ்தூபா பார்க்கப் போகலாம் என்றான். குன்றின் மேல் வெள்ளை வெளேரென்று ஒரு ஸ்தூபம். ஐந்நூறுக்கும் மேல் படிக்கட்டு. நானும் இன்னொருத்தனும் ஐம்பதாவது படியில் திரும்பிவிட்டோம். அவன் மேலே போய்க் கையாட்டினான்.

ராத்திரி சாப்பாட்டுக்கு துக்பா. அவன் பாதி வைத்துவிட்டான். "என்னடா?" "மோமோ தின்னது இன்னும் ஜீரணமாகல." நெற்றியை ரெண்டு விரலால் அழுத்திக்கொண்டே சொன்னான். நான் கவனித்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

நடுராத்திரி ரெண்டு மணி இருக்கும். பாத்ரூமில் குழாய் திறக்கிற சத்தம். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. லே-வில் தண்ணீர் தட்டுப்பாடு, ஒரு வருஷத்துக்குச் சுமார் 100 மில்லிமீட்டர் மழைதான் என்று அமா-லே காலையில்தான் சொல்லியிருந்தார். யாரும் காரணமில்லாமல் குழாயை அப்படித் திறந்துவிட மாட்டார்கள். தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம். வாந்தி. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

நான் முழித்துத்தான் இருந்தேன். உயரத்தில் முதல் ராத்திரி யாருக்கும் சரியாகத் தூக்கம் வராது. மூச்சு கொஞ்ச நேரம் நின்று நின்று வரும், தூக்கி வாரிப் போடும். முழித்திருந்த எனக்கு எல்லாம் கேட்டது. போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டேன். ஏன் தெரியுமா? எழுந்து கேட்டால் அவன் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கும். சொன்னால் ட்ரிப் போச்சு. ஒரு வருஷம் டியூஷன் எடுத்துச் சேர்த்த காசு. லீவு எட்டே நாள். ஷீட்டில் ஒரு கட்டம்கூடக் காலி இல்லை.

காலையில், "தூங்கினியாடா?" என்றேன். "செம தூக்கம் மச்சி" என்றான். ரெண்டு பேருமே பொய்.

பாஸ், உங்களிடம் நான் சொல்ல வந்த விஷயமே இதுதான். தலைவலி வருவது தப்பு இல்லை. நேராக 3,500 மீட்டரில் போய் இறங்குகிறவர்களில் நிறைய பேருக்கு வரும். பெரும்பாலும் ஒரு நாள், ரெண்டு நாள் ஓய்வில் தானாகப் போய்விடும். ஆனால் ஷீட்டில் காலி நாள் இல்லையென்றால் தலைவலிக்கு அங்கே இடம் இல்லை. இடம் இல்லாத தலைவலி ஒளிந்துகொள்ளும். ஒளிந்துகொண்டு வளரும். முற்றினால் நுரையீரலில் நீர் கோக்கும், மூளை வீங்கும். கவனிக்காவிட்டால் உயிரே போகும். மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

இதை முதலில் பெரிய அளவில் எழுதிவைத்தவர்களே நம்ம ராணுவ டாக்டர்கள்தான். 1962 சீனப் போரை ஒட்டி சமவெளி வீரர்களை அவசர அவசரமாக இமயமலை உச்சிகளுக்கு அனுப்பினார்கள். அப்படிப் போய் நோயில் விழுந்த 1,925 வீரர்களைப் பற்றி இந்தர் சிங் தலைமையிலான டாக்டர்கள் எழுதிய கட்டுரை 1969-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்தது. உயர மலை நோயைப் படிக்கிறவர்கள் இன்றைக்கும் அதைத் தேடிப் படிக்கிறார்கள். ராணுவத்தில் இந்த உயரத்துக்குப் பழக்குவதற்கு என்று ஆறு நாள் வைத்திருக்கிறார்கள். முதல் ரெண்டு நாள் ஓய்வு. அடுத்த ரெண்டு நாள் மெதுவாக நடை. கடைசி ரெண்டு நாளில்தான் கொஞ்சம் ஏற்றம். துப்பாக்கி தூக்குகிற உடம்புக்கே ஆறு நாள். நாம் சனி, ஞாயிறில் முடிக்கப் பார்க்கிறோம்!

காலையில் சைக்கிளை எடுக்க முற்றத்துக்கு வந்தோம். ராக்கெட் சுவரைப் பிடித்துக்கொண்டே படியிறங்கினான். ஷூ லேஸ் கட்டக் குனிந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். உதட்டில் லேசாக நீலம். டீ ஊற்றிக்கொண்டிருந்த அமா-லே கெட்டிலைக் கீழே வைத்தார். அவனை எழுப்பி, முற்றத்துக் கல்லின் கோட்டைக் காட்டி, ஒரு பாதத்தின் குதிகாலை இன்னொரு பாதத்தின் விரலோடு ஒட்டி வைத்து நடக்கச் சொன்னார். ஏலகிரியைக் கால் வைக்காமல் ஏறியவன், ரெண்டாவது அடியில் டாஸ்மாக்கிலிருந்து வந்தவன் மாதிரி சாய்ந்தான். அமா-லே மகனைப் பார்த்து ஒரே வார்த்தை சொன்னார்: "காடி." வண்டி.

ஆஸ்பத்திரியில் விரலில் கிளிப் மாட்டினார்கள். 68. எனக்கு மாட்டியபோது 87. டாக்டர் சின்ன வயசுக்காரர், அந்த ஊர்க்காரர். "எப்போ ஆரம்பிச்சது?" என்றார். "இப்பதான், காலைல" என்றான் ராக்கெட். டாக்டர் பேனாவை மூடிவிட்டு அவனையே பார்த்தார். "நேத்து சாயங்காலம்" என்றான். "ராத்திரி வாந்தி எடுத்தேன்."

டாக்டர் எங்கள் பக்கம் திரும்பினார். "ஒரே ரூம்தானே? யாருக்குமே தெரியலையா?"

ஆக்சிஜன் மாஸ்க்கைக் கையால் கொஞ்சம் தூக்கி ராக்கெட் சொன்னான்: "இவங்க தூங்கிட்டாங்க டாக்டர். இவங்க மேல தப்பில்ல."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ரெண்டு நாள் ஆக்சிஜன், ஊசி. நாலாம் நாள் காலை அவனை டெல்லி ஃபிளைட்டில் ஏற்றினோம். இந்த நோய்க்கு அதைவிடப் பெரிய மருந்து இல்லை, கீழே இறங்குவதுதான். மதியம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் போட்டேன். "தலைவலி போன இடம் தெரியல மச்சி. செம பசி. ரெண்டு பிளேட் சோலே பட்டூரா சாப்பிட்டேன்" என்றான். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. "கோவமா வருதுடா" என்றான்.

நாங்கள் ரெண்டு பேரும் ஆறாம் நாள்தான் கிளம்பினோம். அதற்கு முன்னால் சிந்து நதி ஓரமாக ஷே, திக்சே என்று சமமான ரோட்டில் ஒரு நாள் மெதுவாக மிதித்துப் பழகினோம். கர்துங் லா எங்கள் பிளானிலிருந்தே போயிருந்தது. லே-விலிருந்து 40 கிலோமீட்டர், 1,800 மீட்டருக்கும் மேல் ஏற்றம். உச்சியில் 18,380 அடி என்று போர்டு வைத்திருந்தார்கள். அளந்து பார்த்தவர்கள் 5,359 மீட்டர், அதாவது சுமார் 17,580 அடி என்கிறார்கள். போர்டோடு போட்டோ எடுக்கலாம், அது உங்கள் இஷ்டம். நாங்கள் தெற்கு புல்லு செக்போஸ்ட் வரை போய்த் திரும்பினோம். அந்தக் கதை வேறொரு வாரம்.

கேன்டீன் தம்பிகளா, இனி உங்கள் ஷீட்டைத் திருத்துவோம். முதல் ரெண்டு நாள் கட்டத்தில் 'தூக்கம்' என்று எழுதுங்கள். பஜார் வரை பொடிநடையாகப் போகலாம், ஆப்ரிகாட் வாங்கலாம், சிப்ஸ் பாக்கெட் பந்து மாதிரி உப்பியிருப்பதைப் பார்த்துச் சிரிக்கலாம். படி ஏறக் கூடாது. தாகத்துக்குத் தண்ணீர் குடியுங்கள், அண்டா அண்டாவாக வேண்டாம். சரக்கு, தூக்க மாத்திரை ரெண்டும் கூடவே கூடாது, மூச்சைக் குறைத்துவிடும். டயாமாக்ஸ் மாத்திரை நண்பன் கொடுத்தான் என்று போடாதீர்கள். சல்ஃபா அலர்ஜி உள்ளவர்களுக்கு ஆகாமல் போகலாம், ஊரிலேயே டாக்டரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டு போங்கள். 3,000 மீட்டருக்கு மேல் போன பிறகு, இன்றைக்குத் தூங்கும் இடம் நேற்றுத் தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரமாக இருக்க வேண்டாம்.

ஃபிளைட்டுக்குக் காசு இல்லையா? நல்லதாப் போச்சு! ஸ்ரீநகர் போய், பஸ்ஸில் கார்கில் வழியாக வாருங்கள். ஸ்ரீநகர் சுமார் 1,600 மீட்டர், கார்கில் 2,676 மீட்டர். நம்ம தொட்டபெட்டாவைவிடக் கொஞ்சம்தான் ஜாஸ்தி. ஒரு ராத்திரி அங்கே தங்கினால் உடம்பு பாதி பாடத்தைப் படித்துவிட்டிருக்கும். அதற்காக லே-வில் தூக்கத்தைக் குறைக்காதீர்கள். மணாலி வழியாக வந்தால் சர்ச்சுவில் டென்ட் போட்டுப் படுக்க வைப்பார்கள், அது 4,200 மீட்டருக்கும் மேல். பஸ்ஸில் வந்தவர்கள் நிறைய பேர் அங்கே விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள்.

கடைசியாக, கிளம்பும் முன்னாலேயே ரெண்டு உபரி நாளுக்கான காசைத் தனியாக எடுத்து வையுங்கள். தினமும் காலையும் ராத்திரியும் ஒருத்தரை ஒருத்தர் கேளுங்கள்: தலை எப்படி? 'ஓகே' என்று பதில் சொல்லக் கூடாது. பத்துக்கு எத்தனை என்று நம்பர் சொல்ல வேண்டும். ராத்திரி ரெண்டு மணிக்குக் குழாய்ச் சத்தம் கேட்டால் எழுந்து போய்க் கதவைத் தட்டுங்கள்.

ராக்கெட் இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறான். ரெண்டு பெண் குழந்தைகள். பெரியவளுக்குச் சைக்கிள் பழக்கிக்கொடுக்கிறான். அன்றைக்கு ராத்திரி நான் முழித்திருந்தேன் என்பதை அவனிடம் இதுவரை சொல்லவில்லை. வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, "இந்த வாட்டி மொக்கை மச்சி" என்று போன் போடுகிறவன் அவன்.

படிச்சிட்டியா? போன் பண்ணு.